மூச்சைக் கையில் வாங்கியவர்கள்: மயக்கவியல் எழுப்பிய அறக் கேள்விகள்

அறுவை மேசையில் முழு மயக்கத்தில் படுத்திருப்பவரால் எதுவும் சொல்ல முடியாது. வலிக்கிறது என்று முனக முடியாது, வேண்டாம் என்று கையைத் தட்டிவிட முடியாது. தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்துவிட்டால் தானாக மூச்சுவிடவும் முடியாது. அறுவை முடியும்வரை அவருடைய மூச்சு இன்னொருவர் பொறுப்பு. தலைமாட்டில் இருக்கும் மயக்க மருத்துவர்தான் அந்த இன்னொருவர்.

மருத்துவ அறம் என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவருக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: மருத்துவ அறிவு 'இதைச் செய்ய முடியுமா' என்று கேட்கும். மருத்துவ அறம் 'செய்யலாமா, யாரைக் கேட்டுச் செய்வது, எங்கே நிறுத்துவது' என்று கேட்கும். பாடப்புத்தகங்கள் இதை நான்கு கொள்கைகளாக வகுத்துச் சொல்கின்றன: நோயாளியின் தன்னுரிமை, அவருக்கு நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், எல்லாருக்கும் நியாயம். நான்கையும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் யாரோ தனியறையில் உட்கார்ந்து யோசித்து எழுதியவை என்று நினைத்துவிட்டால் பாதி புரியாமல் போய்விடும். நோயாளியின் படுக்கையருகே வழி தெரியாமல் நின்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் தேடியபோதுதான் அவற்றில் பெரும்பகுதி உருவானது. அப்படி நின்றவர்களில் மயக்க மருத்துவர்கள் பலர். காரணம் எளியது. ஒருவரைப் பேச்சற்ற நிலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவருவதுதான் அவர்கள் தொழில்.

ஒரு குடுவைக்குள் இருந்த ரகசியம்

1846 அக்டோபர் 16. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர், கழுத்தில் கட்டியோடு வந்த இளைஞர் ஒருவரைக் கண்ணாடிக் குடுவையிலிருந்து ஓர் ஆவியை இழுக்கவைத்தார். அறுவை மருத்துவர் ஜான் காலின்ஸ் வாரன் கட்டியை அறுத்தார். இளைஞர் அலறவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிராஃபோர்ட் லாங் என்ற மருத்துவர் 1842-லேயே ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொண்டு அறுவை செய்திருந்தார். ஆனால் 1849 வரை அவர் அதை வெளியிடவில்லை. அதனால் உலகம் பாஸ்டனைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

அதிகம் பேசப்படாதது அடுத்த மூன்று வாரங்களில் நடந்தது. குடுவையில் இருந்தது சாதாரண ஈதர்தான். மார்ட்டன் அதில் நிறமும் மணமும் சேர்த்து, 'லீத்தியான்' என்று பெயர் வைத்து, காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. கால் அகற்ற வேண்டிய நோயாளி ஒருவருக்கு நவம்பர் 7 அன்று அறுவை நடக்கவிருந்தது. எது என்று தெரியாத மருந்தை நோயாளிக்குக் கொடுக்க முடியாது என்று மருத்துவர்கள் நின்றுவிட்டார்கள். மார்ட்டன் உண்மையைச் சொன்ன பிறகே அறுவை நடந்தது. வலியில்லாத அறுவை என்ற பெரும் வரம் கைக்கு வந்த சூட்டிலேயே 'ரகசிய மருந்து கூடாது' என்று சிலர் நின்றார்களே, அந்த நிதானம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

இரண்டாவது அறக் கேள்வி 1848 ஜனவரியில் எழுந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால் விரல் நகத்தை அகற்றுவதற்காகக் கொடுத்த குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தில் இறந்துபோனாள். குளோரோஃபார்மால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. நகக் கோளாறு யாரையும் கொல்வதில்லை. வலியைத் தவிர்க்கக் கொடுத்த மருந்தே கொன்றுவிட்டது. நன்மை செய்தலும் தீங்கு செய்யாதிருத்தலும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

வேண்டாம் என்று சொல்ல வாயில்லாதபோது

ஈதர் வருவதற்கு முன் அறுவை நடந்த விதம் கொடூரமானது. நாலு பேர் பிடித்துக்கொள்ள, நோயாளி விழித்திருக்க, சில நிமிடங்களில் முடித்தாக வேண்டும். அதில் ஒன்று மட்டும் இருந்தது: தன் உடலில் எந்த இடம் வெட்டுப்படுகிறது என்பது நோயாளிக்குத் தெரியும். மயக்கம் வந்ததும் வலி போனது, கூடவே அந்த அறிவும் போனது. மருத்துவர் நினைத்தால் திட்டமிட்டதைத் தாண்டியும் செய்யலாம். நோயாளி விழிக்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் அப்படித்தான் நடந்தது. அன்னா மோர் என்ற பெண் வலது காதில் அறுவை செய்துகொள்ளச் சம்மதித்தார். மயக்கம் கொடுத்த பிறகு மருத்துவர் இடது காதையும் பார்த்தார். அதுதான் மோசமாக இருந்தது. இடது காதுக்கு அறுவை செய்துவிட்டார். அறுவை திறமையாகவே நடந்தது. குடும்ப மருத்துவர் உடனிருந்தார், மறுப்புச் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்த மோர் வழக்குத் தொடுத்தார். கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும், திறமையாகவே செய்திருந்தாலும், கேட்காமல் செய்தது அத்துமீறல் என்று 1905-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது.

அடுத்தது நியூயார்க். 1908-இல் மேரி ஷ்லோண்டார்ஃப் என்ற பெண்ணின் வயிற்றில் ஒரு கட்டி தெரிந்தது. ஈதர் கொடுத்துப் பரிசோதிக்க மட்டும் அவர் சம்மதித்தார். அறுவை வேண்டாம் என்று சொல்லியிருந்ததாக அவர் தரப்பு. மயக்கத்திலிருந்தபோது கட்டி அகற்றப்பட்டது. பிறகு கையில் அழுகல் ஏற்பட்டு விரல்கள் சிலவற்றை இழந்தார். 1914-இல் வந்த தீர்ப்பில் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, வயது வந்த, தெளிந்த புத்தியுள்ள ஒவ்வொரு மனிதருக்கும் தன் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை உண்டு என்று எழுதினார். மருத்துவ அறம் பற்றிய பாடங்களில் இன்றுவரை இந்த வரி தவறாமல் வருகிறது. வரியை நினைவில் வைத்திருப்பவர்கள் பலருக்கும், ஷ்லோண்டார்ஃப் வழக்கில் தோற்றுப்போனார் என்பது தெரியாது. அறக்கொடையில் நடக்கும் மருத்துவமனை தன் மருத்துவர்கள் செய்ததற்குப் பொறுப்பாகாது என்று அன்றைய சட்டம் இருந்தது.

சம்மதம் என்றால் தலையாட்டுவது மட்டும் போதுமா என்ற கேள்வி 1957-இல் கலிஃபோர்னியாவில் எழுந்தது. மார்ட்டின் சால்கோ என்பவருக்கு மயக்கத்தில் வைத்துப் பெருநாடியில் சாயம் செலுத்திப் படமெடுத்தார்கள். மறுநாள் விழித்தபோது கால்கள் செயலற்றுப் போயிருந்தன. அப்படி ஓர் ஆபத்து உண்டென்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தீர்ப்பில்தான் 'விவரமறிந்த சம்மதம்' என்ற தொடர் சட்டத்துக்குள் நுழைந்தது. ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து சம்மதம் ஆகாது என்பது அதன் பொருள்.

மூன்று வழக்குகளிலும் குற்றம் சாட்டப்பட்டது மயக்கம் கொடுத்தவர் அல்ல. ஆனால் மூன்றிலும் நோயாளி மயக்கத்தில் இருந்தார். விழித்திருக்கும் ஒருவரிடம் எந்த நிமிடமும் கேட்டுக்கொள்ளலாம். மயங்கப்போகிறவரிடம் முன்கூட்டியே கேட்டாக வேண்டும், கேட்டதற்கு வெளியே போகவும் கூடாது. சம்மதம் என்ற கருத்து இவ்வளவு கூர்மைப்பட்டதற்கு மயக்க மருந்தும் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

கோபன்ஹேகன், 1952

இந்தக் கதையின் மையம் இங்கேதான் இருக்கிறது. 1952 கோடையில் டென்மார்க்கின் தலைநகரில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. தொற்றுநோய்களுக்கான பிளெக்டாம் மருத்துவமனைக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 பேர் வரை வந்தார்கள். நோய் சிலருக்கு மூச்சுத் தசைகளையும் விழுங்கும் தசைகளையும் முடக்கியது. அவர்களுக்கு உதவ அங்கே இருந்தது உடலை உள்ளே வைத்து மூடும் 'இரும்பு நுரையீரல்' ஒன்றும், மார்பைச் சுற்றிக் கட்டும் சிறு கருவிகள் ஆறும்தான். முதல் மாதத்தில் அந்தக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள்.

தலைமை மருத்துவர் லாசன், பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவரை அழைத்தார். அறுவைக்கூடத்துக்கு வெளியே மயக்க மருத்துவருக்கு என்ன வேலை என்று நினைத்த காலம் அது. இறந்தவர்களின் இரத்தத்தில் கரியமில வாயு சார்ந்த அளவுகள் எகிறியிருந்தன. அதைக் காரணம் தெரியாத காரநிலைக் கோளாறு என்று மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அது வெளியேற முடியாமல் தேங்கிய கரியமில வாயு, இவர்கள் மூச்சுப் போதாமல்தான் சாகிறார்கள் என்பது இப்சனுக்குப் பட்டது. அறுவைக்கூடத்தில் தாம் தினமும் செய்வதையே இங்கும் செய்யலாம் என்றார்: தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஒரு பையை அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்துவது.

ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அதைச் செய்துபார்த்தார். அவள் திமிறினாள், காற்று உள்ளே போகவில்லை, நிலைமை கைமீறுவதுபோல் இருந்தது. இப்சன் அவளுக்கு மயக்க மருந்து கொடுத்தார். திமிறல் அடங்கியது. பையை அழுத்த அழுத்தக் காற்று போயிற்று, நிறம் திரும்பியது. அவள் பிழைத்துக்கொண்டாள்.

இயந்திரம் இல்லை, நோயாளிகளோ ஏராளம். மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். அந்தக் கொள்ளைநோய் ஓயும்வரை ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைபோட்டு உட்கார்ந்து, இரவும் பகலும் கையால் பை அழுத்தி இன்னொருவருக்காக மூச்சுவிட்டார்கள். ஒரு கட்டத்தில் 70 பேர் ஒரே நேரத்தில் அப்படி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளில் பலர் சிறுவர்கள், சுயநினைவோடு இருந்தவர்கள். மாணவர்கள் அவர்களுக்குக் கதை படித்துக் காட்டினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழாக இறங்கியது. பிழைக்காதவர்களும் இருந்தார்கள், பை அழுத்திக்கொண்டிருந்த கைகளுக்கு எதிரிலேயே இறந்தார்கள்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் இப்சன் இன்னொரு மருத்துவமனையில் எல்லா வகை நோயாளிகளுக்குமான ஒரு பிரிவைத் தொடங்கினார். இன்று நாம் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று சொல்வதன் தொடக்கமாக அதைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள். கையின் இடத்தை விரைவில் வென்டிலேட்டர் எடுத்துக்கொண்டது. இங்கேதான் புதிய சிக்கல் பிறந்தது. கை களைத்துவிடும், இயந்திரம் களைக்காது. மூளை முற்றிலும் அழிந்துபோன ஒருவரின் நெஞ்சும் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். 'மூச்சு அடங்கிவிட்டது' என்று சொன்னால் இறந்துவிட்டார் என்று நாம் புரிந்துகொள்கிறோம். அந்தப் பழைய அடையாளத்தை இயந்திரம் பறித்துக்கொண்டது.

ஒரு மயக்க மருத்துவர் போப்பிடம் கேட்டது

இப்படிப்பட்ட நோயாளிகளின் அருகில் நின்று தடுமாறியவர்களில் ஒருவர் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கைச் சேர்ந்த மயக்க மருத்துவர் புரூனோ ஹைட். அவர் மூன்று கேள்விகளை எழுப்பினார். தேறுவதற்கு வழியே இல்லாதவருக்கும் சுவாசக் கருவியைப் பொருத்தித்தான் ஆக வேண்டுமா? பொருத்திய பின் முன்னேற்றம் இல்லையென்றால், இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அதை அகற்றலாமா? ஆழ்ந்த நினைவிழப்பில் கருவியின் துணையோடு இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா, எந்தக் கணத்தில் இறந்தார் என்று சொல்வது?

1957 நவம்பர் 24 அன்று போப் பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருத்துவர்கள் கூடியிருந்த அவையில் பதில் சொன்னார். உயிரைக் காக்க வழக்கமான வழிகளைப் பயன்படுத்தும் கடமை உண்டு, நோயாளிக்கும் பிறருக்கும் தாங்கமுடியாத சுமையாகிற அசாதாரண வழிகளைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற கடமை இல்லை என்றார். நோயாளியின் விருப்பத்திலிருந்து தனித்து நிற்கும் உரிமை எதுவும் மருத்துவருக்குக் கிடையாது, நோயாளி வெளிப்படையாகவோ குறிப்பாகவோ அனுமதித்ததையே அவர் செய்ய முடியும் என்றும் சொன்னார். மூன்றாவது கேள்விக்கு வந்தபோது, சாவு எப்போது நிகழ்கிறது என்று வரையறுப்பது திருச்சபையின் வேலையில்லை, மருத்துவர்கள், குறிப்பாக மயக்க மருத்துவர்கள், செய்ய வேண்டியது என்றார்.

மத நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இந்தப் பதில் முக்கியம். ஒரு மதத்தலைவர் சாவின் வரையறையை மருத்துவத்தின் கையில் திருப்பிக் கொடுத்தார். கேட்டவர் கைக்கே கேள்வி திரும்பி வந்தது.

பீச்சர் உடைத்த மௌனம்

ஹென்றி பீச்சர் 1941-இல் ஹார்வர்டில் மயக்கவியலுக்கென்று நிறுவப்பட்ட பேராசிரியர் பதவியை ஏற்றவர். கோபன்ஹேகனின் இப்சனும் பாஸ்டனில் அவருடைய துறையில் பயின்றவர்தான். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியக் களத்தில் படுகாயமுற்ற வீரர்களில் பலர் வலிமருந்தே கேட்காததைக் கண்டார். வலி என்பது காயத்தின் அளவை மட்டும் பொறுத்ததில்லை என்ற எண்ணம் அங்கே விழுந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் சிலருக்கு வலியைக் குறைப்பதைப் பற்றி அவர் எழுதியது இன்றும் படிக்கப்படுகிறது. இந்த ஆய்வுகளெல்லாம் மனிதர்கள் மீது நடந்தவை. மனிதர்களை ஆய்வுக்கு உட்படுத்துவது பற்றிய கேள்வி அவருக்கு உள்ளிருந்தே வந்தது.

1966 ஜூனில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' அவருடைய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. வேறோர் இதழ் அதை முன்னரே நிராகரித்திருந்தது. அதில் 22 ஆய்வுகளை வரிசையாக எடுத்துவைத்தார். எதையும் யாரும் மறைத்து நடத்தவில்லை, எல்லாம் மதிப்புமிக்க நிறுவனங்களில் நடந்தவை. பயன் தெரிந்த பெனிசிலின் மறுக்கப்பட்டதால் வாதக் காய்ச்சலுக்கு ஆளான இராணுவத்தினர் இருந்தார்கள். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள்காமாலைக் கிருமி கொடுக்கப்பட்டிருந்தது. உயிருள்ள புற்றுநோய் அணுக்களைச் செலுத்திவிட்டு 'சில அணுக்கள்' என்று மட்டும் நோயாளிகளிடம் சொல்லியிருந்தார்கள். தம் சொந்தத் துறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. சிறிய அறுவைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டவர்களுக்கு, இதயத் துடிப்பு தாறுமாறாகும்வரை கரியமில வாயுவை ஏற்றிப் பார்த்த ஆய்வு ஒன்றும் பட்டியலில் இருந்தது. அவர் முதலில் திரட்டிய 50 ஆய்வுகளில் இரண்டில் மட்டுமே சம்மதம் பற்றிய பேச்சு இருந்தது. ஆய்வு நடத்தியவர்களின் பெயர்களை அவர் வெளியிடவில்லை. தனிமனிதர்களைத் தூக்கில் போடுவது அவர் நோக்கமில்லை, வழக்கமே பழுதாகிவிட்டது என்பதைக் காட்டுவதுதான்.

ஓர் ஆய்வு தொடங்கும்போதே அறமுள்ளதா இல்லையா என்பது தீர்ந்துவிடுகிறது, நல்ல முடிவு கிடைத்துவிட்டது என்பதற்காகப் பின்னால் அது அறமாகிவிடாது என்று அவர் எழுதினார். இதைவிட எளிதாக இந்தக் கருத்தைச் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

ஆனால் தீர்வைச் சொன்ன இடத்தில் பீச்சர் தவறினார் என்றே நினைக்கிறேன். சம்மதம் முழுமையாகக் கிடைப்பது அரிது, எனவே மனச்சாட்சியும் பரிவும் உள்ள ஆய்வாளர்தான் நோயாளிக்கு நம்பகமான காவல் என்றார். அவர் பட்டியலிட்ட ஆய்வுகளை நடத்தியவர்கள் தங்களை மனச்சாட்சியற்றவர்களாக நினைத்திருக்க மாட்டார்கள். பீச்சரே 1950-களில் அமெரிக்க இராணுவத்தின் நிதியில் மனநிலையைக் குலைக்கும் மருந்துகளை ஆராய்ந்தவர். வரலாறு வேறு பாதையில் போயிற்று. ஆய்வு தொடங்குமுன் அதை வெளியார் உள்ளிட்ட குழு ஒன்று பார்த்து அனுமதிக்க வேண்டும் என்ற முறை அதே 1966-இல் அமெரிக்க அரசு நிதி பெறும் ஆய்வுகளுக்கு வந்தது. அமெரிக்காவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு மருந்தளிக்காமல் 40 ஆண்டுகள் வேடிக்கை பார்த்த ஆய்வு 1972-இல் அம்பலமானது. 1974-இல் அந்தக் குழு முறைக்குச் சட்டமே வந்தது. இன்று உலகெங்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு அறக்குழுவின் ஒப்புதல் தேவைப்படுகிறது. ஒருவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதைப் பீச்சரின் கட்டுரையிலிருந்து அவரையும் தாண்டிக் கற்றுக்கொண்டார்கள்.

சாவுக்கு ஒரு புது வரையறை

1959-இல் பாரிஸில் மோலாரே, கூலோன் என்ற இரு மருத்துவர்கள், வென்டிலேட்டரில் இருந்த 23 நோயாளிகளை விவரித்து, இது நினைவிழப்பையும் தாண்டிய நிலை என்றார்கள். 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு முதன்முதலாக ஒரு மனித இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். கேள்வி அவசரமாகிவிட்டது. பீச்சர் தலைமையில் ஹார்வர்டில் அமைந்த 13 பேர் குழுவில் மருத்துவர்களோடு ஒரு சட்ட அறிஞரும் இறையியலாளரும் அறிவியல் வரலாற்றாசிரியரும் இருந்தார்கள். மூளை நிரந்தரமாகச் செயலிழந்ததை அறியும் அடையாளங்களை 1968 ஆகஸ்டில் அக்குழு வெளியிட்டது. எந்தத் தூண்டலுக்கும் பதில் இல்லாமை, தானே அசைவோ மூச்சோ இல்லாமை, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குவது போன்ற அனிச்சைச் செயல்கள் இல்லாமை ஆகியவை அவற்றில் அடங்கும்.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நினைவிழப்பு என்பது மூளை வேலை செய்யும், ஆனால் விழிக்காத நிலை. அதிலிருந்து மீண்டவர்கள் உண்டு. கண் திறந்து, தூங்கி விழித்து, தானே மூச்சுவிட்டும் சுற்றியிருப்பதை உணராத நிலை ஒன்று உண்டு. அதுவும் சாவு இல்லை. மூளை முழுதும் நிரந்தரமாகச் செயலிழந்த மூளைச்சாவில் தானாக மூச்சு எடுக்கும் ஆற்றலும் திரும்ப வராதபடி போய்விடுகிறது. அதற்கான சோதனையில் வென்டிலேட்டரைச் சற்று நேரம் கழற்றி, இரத்தத்தில் கரியமில வாயு ஏறினாலும் நெஞ்சு அசைகிறதா என்று பார்ப்பார்கள். மூச்சையும் கரியமில வாயுவையும் பற்றிய இந்த அறிவு மயக்க மருத்துவர்களுக்குப் பழகிய நிலம்.

குழு தன் அறிக்கையில் இரண்டு காரணங்களை ஒளிக்காமல் சொன்னது. ஒன்று, இத்தகைய நோயாளிகளால் குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் நேரும் சுமை. இன்னொன்று, பழைய வரையறை உறுப்பு பெறுவதில் சர்ச்சைக்கு இடமளிப்பது. இரண்டாவது காரணம்தான் உறுத்தியது. உறுப்பு தேவை என்பதற்காகச் சாவின் எல்லையை நகர்த்துவதா என்று தத்துவ அறிஞர் ஹான்ஸ் யோனாஸ் உடனடியாகவே எதிர்த்து எழுதினார். அவருடைய கவலையை இன்றும் லேசாக ஒதுக்கிவிட முடியவில்லை. அதே அறிக்கையில் ஒரு காப்பு விதியும் இருந்தது: இறந்துவிட்டார் என்று முடிவு செய்யும் மருத்துவர்கள் உறுப்பு மாற்றத்தில் பங்குபெறுபவர்களாக இருக்கக் கூடாது. இன்று பல நாடுகளின் சட்டங்களில் இந்த விதி இருக்கிறது.

ஹைட் கேட்ட கேள்வி நீதிமன்றத்தில்

1975 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கேரன் ஆன் குவின்லன் என்ற 21 வயதுப் பெண் மூச்சு நின்று, மூளை சிதைந்து, வென்டிலேட்டரில் வைக்கப்பட்டார். மூளைச்சாவு இல்லை. அவர் தந்தை கருவியை அகற்றும்படி கேட்டார், மருத்துவர்கள் மறுத்தார்கள். கத்தோலிக்கரான அந்தத் தந்தைக்கு வழிகாட்டியது பயஸ் 1957-இல் சொன்ன பதில்தான். 1976 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது அந்த உரையையும் எடுத்துக்காட்டியது. ஒரு மயக்க மருத்துவரின் கேள்வி, 19 ஆண்டுகள் கழித்து, பேச முடியாத ஒரு பெண்ணின் சார்பில் அவர் குடும்பம் பேசலாம் என்ற சட்ட உரிமைக்கு வழிகாட்டியது. கருவி அகற்றப்பட்ட பின் குவின்லன் தானாக மூச்சுவிட்டு 1985 வரை வாழ்ந்தார். நிறுத்துவது என்றால் கொல்வது என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டுகள் வேறொன்றைக் காட்டின.

சொல்லத் தெரியாத வலி

மயக்கவியல் தன் தவற்றைத் தானே திருத்திக்கொண்ட ஓர் அத்தியாயமும் உண்டு. 1942-இல் மான்ட்ரியலில் ஹெரால்டு கிரிஃபித் அறுவையின்போது தசையைத் தளர்த்தக் 'குராரே'யைப் பயன்படுத்தினார். அது உடலை அசையாமல் செய்யும், நினைவையோ வலியையோ தொடாது. பச்சிளங் குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது, ஆழ்ந்த மயக்கம் அவர்களுக்கு ஆபத்து என்ற நம்பிக்கை நீண்ட காலம் இருந்தது. அதனால் 1980-கள் வரைகூடக் குறைமாதக் குழந்தைகள் பலருக்குத் தசை தளர்த்தும் மருந்தோடு மிக லேசான மயக்கம் மட்டும் கொடுத்து அறுவை நடந்தது. குழந்தை அசையாது, அழாது. அசையாததை அமைதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

1987-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. இதய இரத்தக்குழாய் அறுவைக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகளில், ஃபென்டனில் என்ற வலிமருந்தும் பெற்றவர்களின் உடல் அழுத்தக் குறிகள் மிகக் குறைந்திருந்தன, பின்விளைவுகளும் குறைந்திருந்தன. குழந்தையால் சொல்ல முடியாததை அதன் இரத்தத்தில் இருந்த ஹார்மோன்கள் சொல்லிவிட்டன. இதை எழுதும்போது மனம் கனக்கிறது. அறம் பற்றி இவ்வளவு யோசித்த ஒரு துறையே இத்தனை ஆண்டுகள் இதைக் காணாமல் இருந்திருக்கிறது.

தெரிந்த கலையைத் தரமாட்டோம் என்று மறுத்த தருணமும் உண்டு. 1982 முதல் அமெரிக்காவில் ஊசி மூலம் மரண தண்டனை நிறைவேற்றப்படுகிறது. மயக்க மருந்து, தசை தளர்த்தி, இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைடு என்று நீண்ட காலம் வழக்கமாக இருந்த வரிசையில் முதல் இரண்டும் அறுவைக்கூடத்திலிருந்து போனவை. 2006-இல் கலிஃபோர்னியாவில் ஒரு தண்டனையை மேற்பார்வையிட ஒப்புக்கொண்ட இரு மயக்க மருத்துவர்கள், கைதி விழித்துக்கொண்டால் தாங்களே மேலும் மருந்து செலுத்த வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் விலகிக்கொண்டார்கள். தண்டனை நடக்கவில்லை. 2010-இல் அமெரிக்க மயக்கவியல் வாரியம், இதில் பங்கேற்பவர்களின் சான்றிதழ் பறிக்கப்படலாம் என்று அறிவித்தது.

மேசைக்குத் திரும்பிய கேள்வி

கடைசியாக ஒன்று, இன்றும் மருத்துவமனைகளில் அடிக்கடி எழுவது. தேறாத நோயில் இருப்பவர் 'இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு வலியைக் குறைக்க ஒரு சிறு அறுவை தேவைப்படுகிறது. அறுவைக்கூடத்தில் மூச்சுக்குழாயில் குழாய் வைப்பதும் இரத்த அழுத்தத்தை மருந்தால் தூக்குவதும் அன்றாட வேலை. வார்டில் 'உயிர்ப்பித்தல்' என்று பெயர் பெறுபவை இங்கே மயக்கத்தின் பகுதிகள். இதயம் நின்றாலும், அது நோயால் நின்றதா, மயக்க மருந்தால் நின்று இரண்டு நிமிடத்தில் சரிசெய்யக்கூடியதா என்று பார்க்க வேண்டும்.

அதனால் அறுவைக்குப் போகிறவரின் அந்த ஆணை தானாகவே செல்லாததாகிவிடும் என்று பல மருத்துவமனைகள் வைத்திருந்தன. 1993-இல் அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் அது சரியில்லை என்றது. தானாக ரத்துசெய்வது நோயாளியின் தன்னுரிமையை வாசலிலேயே கழற்றிவைக்கச் சொல்வதாகும். ஆணையை அப்படியே வைத்திருப்பதும் சில வேளை அவர் விரும்பாத முடிவாகலாம். எனவே மயக்கம் கொடுக்குமுன் மருத்துவர் நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஆணையை முழுக்க நிறுத்திவைக்கலாம். இன்னின்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம் என்று பிரித்துச் சொல்லலாம். தம் வாழ்வில் எது முக்கியம் என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்து முடிவை மருத்துவரிடமே ஒப்படைக்கலாம். ஆணை மறுபடி எப்போது நடைமுறைக்கு வரும், மீட்பு அறையைவிட்டு வெளியே வரும்போதா, அறுவையின் தாக்கம் முழுதாகத் தணிந்த பிறகா என்பதையும் அவர் விழித்திருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.